யாரை நம்பி நோயாளியை விடுவது? – என்கிளெக்ஸ் தேர்வும் நம் செவிலியரின் தயாரிப்பும்

காலை டூட்டி கைமாறி ஐந்து நிமிடம்தான் ஆகிறது. உங்கள் பொறுப்பில் நான்கு பேர். முதல் படுக்கையில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்காரர். ஆக்சிஜன் அளவு 91 சதவீதம். இரண்டாமவருக்கு நேற்று முழங்காலில் அறுவை நடந்தது. வலி பத்துக்கு எட்டு என்கிறார். மூன்றாமவர் சர்க்கரை நோயாளி. காலையில் பார்த்த அளவு 210. நான்காமவருக்கு நேற்று தைராய்டு சுரப்பியை எடுத்தார்கள். உதட்டைச் சுற்றி எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கிறது என்கிறார். யாரிடம் முதலில் போவீர்கள்?

நன்றாகப் படித்த செவிலியர்கள் பலர் முதல் படுக்கையைக் காட்டுவார்கள். மூச்சுக்குழாய், மூச்சு, ரத்த ஓட்டம் என்ற வரிசை அவர்களுக்கு மனப்பாடம். 91 என்ற எண்ணைப் பார்த்ததும் கை அங்கே போய்விடுகிறது. ஆனால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு உள்ளவருக்கு 88 முதல் 92 வரைதான் இலக்கே. அவர் என்றும் இருக்கும் நிலையில்தான் இருக்கிறார். நான்காமவர் கதை வேறு. தைராய்டை எடுக்கும்போது அதை ஒட்டியுள்ள சின்னஞ்சிறு பாராதைராய்டு சுரப்பிகளும் அடிபடலாம். அப்போது ரத்தத்தில் கால்சியம் இறங்கும். உதட்டில் ஊறல் அதன் முதல் அறிகுறி. அடுத்து தசைகள் இழுக்கும். குரல்வளையே இறுகி மூச்சு அடைத்துப் போகலாம். இன்னும் மூச்சுத் திணறாத அந்த நோயாளிக்குத்தான் மூச்சு போகும் ஆபத்து. கேள்வியில் கால்சியம் என்ற சொல்லே இல்லை. அது படிப்பவரின் தலையில் இருக்க வேண்டும்.

இந்தக் கேள்வியை இக்கட்டுரைக்காக நான் அமைத்தேன். அசல் கேள்விகள் ரகசியமானவை; வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்ட பிறகே தேர்வறையில் திரை திறக்கும். ஆனால் அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியராக வேலை பார்க்க எழுத வேண்டிய என்கிளெக்ஸ் தேர்வின் குணம் இதுதான். நீ எவ்வளவு படித்திருக்கிறாய் என்பதை அது அளக்க வரவில்லை. உன்னை நம்பி ஒரு நோயாளியை விட்டுவிட்டுப் போகலாமா என்ற ஒரே கேள்வியைப் பல வேடங்களில் கேட்கிறது. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் தயாராவதுதான் நம் பிள்ளைகள் பலர் தடுக்கி விழக் காரணம் என்று நினைக்கிறேன்.

தேர்வு வந்த வழி

செவிலியருக்குப் பதிவுச் சட்டம் கொண்டுவந்த முதல் நாடு நியூசிலாந்து, ஆண்டு 1901. அமெரிக்காவில் வட கரோலினா 1903-ல் தொடங்கியது. நம் மதராஸ் மாகாணத்தில் 1926-ல் சட்டம் வந்தது. அதன் கீழ்தான் தமிழ்நாடு செவிலியர் மன்றம் இன்றும் பதிவு செய்கிறது. மருத்துவம் தெரிந்தவர் போல நடிப்பவரிடமிருந்து மக்களைக் காப்பதே எல்லா இடத்திலும் நோக்கம். ஆனால் வழி பிரிந்தது. இங்கே கல்லூரித் தேர்விலோ பல்கலைக்கழகத் தேர்விலோ தேறினால் பதிவு கிடைத்துவிடுகிறது. அமெரிக்காவில் பட்டம் ஒன்று, உரிமம் வேறொன்று. பட்டம் வாங்கியவரும் உரிமத்துக்குத் தனியாகத் தேர்வு எழுத வேண்டும்.

முதலில் ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் கேள்வி தயாரித்தது. இரண்டாம் உலகப் போரில் செவிலியர் தட்டுப்பாடு வந்தபோது மாநிலங்கள் கூடி 1944-ல் ஒரு பொதுக் கேள்வித் தொகுப்பை ஏற்படுத்தின. அந்தத் தேர்வு மருத்துவம், அறுவை, மகப்பேறு, குழந்தை நலம், மனநலம் என்று ஐந்து பாடங்களாக இருந்தது. 1978-ல் மாநில வாரியங்கள் சேர்ந்து சிகாகோவைத் தலைமையிடமாகக் கொண்ட தேசியக் குழுவை அமைத்தன. அந்தக் குழு 1982-ல் தேர்வின் அடிப்படையையே மாற்றியது. பாடப் பிரிவுகள் போயின. நோயாளிக்கு என்ன தேவை என்பது கேள்விகளின் அச்சாக வந்தது.

நம் கல்லூரிகளில் பாடங்கள் இன்றும் அந்தப் பழைய ஐந்து பெயர்களை ஒட்டியே நிற்கின்றன. அதில் தவறில்லை, கற்பிப்பதற்கு அது வசதி. ஆனால் வார்டில் எந்த நோயாளியும் பாடவாரியாக வந்து படுப்பதில்லை. கர்ப்பிணிக்கு சர்க்கரையும் இருக்கும், மனச்சோர்வும் இருக்கும்.

1994 ஏப்ரலில் காகிதம் போய்க் கணினி வந்தது. 2015 முதல் கனடாவின் பெரும்பகுதி இதே தேர்வை ஏற்றுக்கொண்டது. 2020 முதல் ஆஸ்திரேலியாவும் வெளிநாட்டில் படித்த பல செவிலியருக்கு இதை எழுதச் சொல்கிறது. அதன்பின் செய்முறைத் தேர்வும் உண்டு. எனவே இது இப்போது அமெரிக்கக் கனவுள்ளவர்களின் விஷயம் மட்டுமல்ல. சென்னையிலேயே தேர்வு மையம் இருக்கிறது. கணவரின் வேலையை ஒட்டி அமெரிக்கா போய், பத்து வருட ஐ.சி.யு. அனுபவத்தை வீட்டுக்குள் பூட்டி வைத்துக்கொண்டு இருக்கும் நம் பெண்களும் இந்தத் தேர்வு வழியாகத்தான் வார்டுக்குத் திரும்ப முடியும்.

பொற்கொல்லரின் தராசு

தேர்வை எழுதிவிட்டு வெளியே வருபவர்கள் பெரும்பாலும் அழுகிற முகத்தோடு வருவார்கள். "எதுவுமே உறுதியாகத் தெரியவில்லை, எல்லாம் குத்துமதிப்பாகப் போட்டேன்" என்பார்கள். அவர்களில் பலர் தேறியிருப்பார்கள். இதன் காரணத்தைத் தெரிந்துகொள்வது தேர்வறையில் பாதி பலம்.

பொற்கொல்லர் எடை பார்ப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு படிக்கல்லை வைக்கிறார். நகைத் தட்டு தாழ்ந்தால் இன்னும் பெரிய கல். எழும்பினால் சிறிய கல். போகப் போக வேறுபாடு குன்றிமணி அளவுக்குக் குறைந்து, எடை தெரிந்துவிடுகிறது. கணினி செய்வதும் அதுவே. சரியாக விடை சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகிறது, தவறினால் எளிதாகிறது. நீங்கள் ஏறத்தாழ சரிபாதி வாய்ப்போடு விடை சொல்லக்கூடிய கேள்வியையே ஒவ்வொரு முறையும் தேடித் தருகிறது. டென்மார்க்கின் கணிதவியலாளர் கியோர்க் ராஷ் வகுத்த அளவைமுறை இதற்கு அடிப்படை. ஆகவே எவ்வளவு கெட்டிக்காரரானாலும் அவருக்குத் தடுமாற்றமாகத்தான் இருக்கும். தடுமாற்றம் தோல்வியின் அடையாளம் அல்ல. பள்ளிப் பருவம் முதல் தொண்ணூறு வாங்கிப் பழகிய பிள்ளைக்குத்தான் இது பெரிய அதிர்ச்சி. நாற்பதாவது கேள்வியில் "போச்சு" என்று மனம் விட்டுவிடுகிறாள். அதற்குப் பிறகு வரும் தவறுகள் தெரியாமையால் வருபவை அல்ல.

குறைந்தது 85 கேள்வி, அதிகபட்சம் 150, நேரம் ஐந்து மணி. இவற்றில் 15 கேள்விகளுக்கு மதிப்பெண் கிடையாது. எதிர்காலத் தேர்வுக்காகச் சோதித்துப் பார்ப்பவை, எவை என்று உங்களுக்குத் தெரியாது. தாண்டிச் செல்லவும் திரும்பி வரவும் முடியாது. தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே நீங்கள் இருக்கிறீர்கள் அல்லது கீழே இருக்கிறீர்கள் என்று 95 சதவீத உறுதி வந்ததும் கணினி நின்றுவிடும். 85-ல் நின்றால் தேர்ச்சி, 150 வரை போனால் தோல்வி என்று சொல்வதெல்லாம் கட்டுக்கதை. 85-ல் நின்று தோற்றவரும் உண்டு, 150 வரை போய்த் தேறியவரும் உண்டு. நீண்டுகொண்டே போகிறது என்றால், நீங்கள் கோட்டுக்கு அருகில் இருக்கிறீர்கள் என்றே பொருள். அந்த நேரத்தில் கவனம் சிதறாதவருக்கு வாய்ப்பு இன்னும் கையில் இருக்கிறது.

இதில் இன்னொரு நியாயமும் இருக்கிறது. இந்தத் தேர்வில் முதலிடம் என்று ஒன்று இல்லை. பக்கத்தில் இருப்பவரோடு போட்டி இல்லை. இத்தனை பேர்தான் தேறலாம் என்ற வரம்பும் இல்லை. புதிதாக வேலைக்கு வரும் செவிலியருக்கு வேண்டிய குறைந்தபட்சப் பாதுகாப்பு என்ற கோடு மட்டும்.

நம்மவர் எங்கே தடுக்குகிறார்கள்

அமெரிக்காவில் படித்து முதல் முறை எழுதுபவர்களில் 2024-ல் 100-க்கு 91 பேர் தேறினார்கள். வெளிநாட்டில் படித்து முதல் முறை எழுதுபவர்களின் தேர்ச்சி அதற்கு வெகு கீழே கிடக்கிறது. அவர்களுக்கு அறிவு குறைவு என்று யாராவது சொன்னால் அது அநியாயம். ஐம்பது படுக்கை வார்டை இரவில் இரண்டு பேராகத் தாங்குகிற நம் ஸ்டாஃப் நர்ஸின் கைத்திறனை எந்த நாட்டாரும் குறைவாகப் பேச முடியாது. நரம்பு கிடைக்காத குழந்தைக்கு முதல் குத்தலில் ஊசி ஏற்றுகிறவர்கள் இவர்கள். பிறகு எங்கே சிக்கல்?

தேர்வின் 2023-ஆம் ஆண்டுத் திட்டத்தைப் பாருங்கள். மிகப் பெரிய பங்கு பராமரிப்பை மேலாண்மை செய்வதற்கு: 15 முதல் 21 சதவீதம். அடுத்தது மருந்துகள்: 13 முதல் 19 சதவீதம். நம் மாணவிகள் மருந்துக்கு உயிரைக் கொடுத்துப் படிக்கிறார்கள். மேலாண்மை என்றால் கடைசி ஆண்டில் வரும் நிர்வாகப் பாடம் என்று நினைத்து, ஆறு ஐந்து-மதிப்பெண் கேள்விகளோடு முடித்துக்கொள்கிறார்கள். தேர்வு கேட்பதோ வேறு: யாரை முதலில் பார்ப்பது, எந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது, ஒப்புதல் கையெழுத்தில் செவிலியரின் பங்கு எது, நோயாளியின் விவரத்தை யாரிடம் சொல்லலாம்.

வேலையை ஒப்படைப்பதை மட்டும் எடுத்துக்கொள்வோம். அமெரிக்க வார்டில் பதிவுபெற்ற செவிலியர், அவருக்குக் கீழே உரிமம் பெற்ற துணைச் செவிலியர், அதற்கும் கீழே உதவியாளர் என்று படிநிலை உண்டு. நிலையாக இருக்கும் நோயாளிக்கு நாடி, வெப்பம் பார்ப்பது, குளிப்பாட்டுவது, நடத்திக் கூட்டிப்போவது உதவியாளருக்குத் தரலாம். புதிதாகச் சேர்ந்தவரை முதலில் மதிப்பிடுவது, வீட்டுக்குப் போகிறவருக்குக் கற்றுக்கொடுப்பது, கொடுத்த சிகிச்சை பலித்ததா என்று தீர்ப்பது ஆகிய மூன்றையும் பதிவுபெற்ற செவிலியர் கையை விட்டு இறக்கக் கூடாது. நம் ஊரிலோ சோறு ஊட்டுவதும் தலையைத் தூக்கிப் பிடிப்பதும் நோயாளியின் அம்மா அல்லது மனைவி. ஆயாவிடம் என்ன சொல்லலாம், முதலாண்டு மாணவியிடம் என்ன விடலாம் என்பதை இன்சார்ஜ் சிஸ்டரின் குரல் தீர்மானிக்கிறது. எழுதப்பட்ட வரையறையோடு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் அனுபவம் நம் பிள்ளைக்கு வாய்ப்பதே அரிது. அனுபவத்தில் இல்லாததைத் தனியாக உட்கார்ந்து கற்க வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்குபவர்கள் சிலரே.

அடுத்தது "டாக்டரைக் கூப்பிடு" என்ற அனிச்சைச் செயல். ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது நோயாளிக்குக் குளிர் நடுக்கம், இடுப்பு வலி. விடைகளில் ஒன்று மருத்துவருக்குத் தெரிவிப்பது. நம் பழக்கம் அதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். ஆனால் நீங்கள் தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நொடியும் ஒவ்வாத ரத்தம் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. முதலில் ரத்தத்தை நிறுத்த வேண்டும். பிறகு புதுக் குழாயில் சாதா உப்பு நீரைப் போட்டு நரம்பைத் திறந்து வைத்துவிட்டு, அப்புறம் அழைக்க வேண்டும். இதைத் தெரியாத செவிலியர் நம்மிடம் இல்லை. வார்டில் அப்படித்தான் செய்வார். தாளில் மட்டும் பணிவு குறுக்கே வருகிறது. அதற்காக மருத்துவரை அழைப்பது எப்போதுமே தவறான விடை என்று சில வகுப்புகளில் சொல்லித் தருவதும் ஆபத்து. செவிலியர் செய்யக்கூடியது எதுவும் மிச்சமில்லை என்னும்போது அழைப்பதே சரி.

மூன்றாவது, உண்மையைச் சொல்வது. "அப்பாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லிடாதீங்க சிஸ்டர்" என்று மகன் கையைப் பிடித்துக் கேட்கும்போது நாம் தலையாட்டுகிறோம். அந்த அன்பை நான் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அமெரிக்கச் சட்டத்தில் நோயின் விவரம் நோயாளிக்குச் சொந்தமானது. அறுவைக்குக் கையெழுத்துப் போட்டவர் "எனக்குச் சரியாகப் புரியவில்லை" என்றால், செவிலியர் உட்கார்ந்து விளக்குவது கருணையாகத் தோன்றும். தேர்வில் அது பிழை. விளக்க வேண்டியவர் அறுவை மருத்துவர். அவரைத் திரும்ப வரவழைப்பதே செவிலியரின் கடமை.

மருந்துப் பெயர்ச் சிக்கல் சின்னது. ஆனால் தேர்வறையில் நேரத்தைத் தின்னும். நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென். அட்ரினலின் எபிநெஃப்ரின், சால்பியூட்டமால் ஆல்பியூட்டரால், பெத்திடின் மெபெரிடின், கிளைபென்கிளமைடு கிளைபியூரைடு. எடை பவுண்டில் வந்தால் 2.2-ஆல் வகுத்துக் கிலோவாக்க வேண்டும். ஒரு பக்கத்தில் எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டினால் ஒரு வாரத்தில் பழகிவிடும்.

2023-க்குப் பிறகு

2023 ஏப்ரல் 1 முதல் தேர்வின் வடிவம் மாறியது. புதிதாக வேலைக்கு வரும் செவிலியருக்குச் செயல்முறை தெரிகிறது, ஆனால் நோயாளி மோசமாகப் போவதைக் கவனித்து முடிவெடுக்கத் தெரியவில்லை என்ற கவலை அமெரிக்க மருத்துவமனைகளில் நெடுநாளாக இருந்தது. செவிலியத் துறை ஆய்வாளர் கிறிஸ்டின் டானர் 2006-ல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, செவிலியர் எப்படிச் சிந்திக்கிறார் என்பதைக் கவனித்தல், பொருள்கொள்ளல், செயல்படல், திரும்பிப் பார்த்தல் என்று பகுத்தது. அதற்கு முன்பே, 1984-ல், அதே துறையின் பட்ரீசியா பென்னர் புதியவர் தேர்ந்தவராக மாறும் படிகளை விவரித்திருந்தார். மருத்துவத் தீர்மானத்தை அளப்பதற்குத் தேசியக் குழு தனக்கென ஒரு மாதிரியை வகுத்துக்கொண்டது: அறிகுறியைக் கண்டுகொள், அதற்குப் பொருள் காண், எது மிக அவசரம் என்று தீர்மானி, என்ன செய்யலாம் என்று யோசி, செய், பலித்ததா என்று பார்.

இதை ஒட்டி ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று நோயாளிக் கதைகள் வருகின்றன. கதைக்கு ஆறு கேள்வி. திரையின் ஒரு பக்கம் கேஸ் ஷீட் விரிந்திருக்கும்: செவிலியர் குறிப்பு, ரத்தப் பரிசோதனை, மருத்துவர் ஆணை. நேரம் போகப் போக புதுக் குறிப்புகள் சேரும். முக்கியமான வரிகளைத் தேர்ந்து நிறம் தீட்டச் சொல்வார்கள். அட்டவணையில் குறிக்கச் சொல்வார்கள். மதிப்பெண்ணும் மாறியிருக்கிறது. பொருந்துவன எல்லாவற்றையும் தேர்வு செய்யும் கேள்வியில் முன்பு ஒன்று தவறினால் மொத்தமும் பூஜ்யம். இப்போது சரியானதற்கு ஒன்று கூடும், தவறானதற்கு ஒன்று கழியும். பூஜ்யத்துக்குக் கீழே போகாது. அதனால் எல்லாக் கட்டத்தையும் குறித்து வைப்பது உதவாது. உறுதியாகத் தெரிந்ததைக் குறிப்பதே லாபம்.

என் கருத்தில் இந்த மாற்றம் நம்மவருக்குச் சாதகம். இரவு இரண்டு மணிக்கு கேஸ் ஷீட்டைப் புரட்டி, சிறுநீர் அளவு குறைந்துகொண்டே வருவதைக் கவனித்து, "ஏதோ சரியில்லை" என்று உணர்ந்த செவிலியருக்கு இந்தக் கதைகள் அந்நியமல்ல. உணர்ந்ததை வார்த்தையாக்கும் பழக்கம்தான் அவருக்கு இல்லை. வார்டில் அதை யாரும் அவரிடம் கேட்டதில்லை.

எப்படித் தயாராவது

நமக்குப் படிப்பு என்றால் திரும்பத் திரும்ப வாசிப்பது. பள்ளியில் கோனார் உரை கைகொடுத்தது. கல்லூரியில் சீனியர் அக்கா கொடுத்த நோட்டு. மஞ்சள் மார்க்கரால் கோடு போட்ட புத்தகம் கையில் இருந்தால் படித்துவிட்டோம் என்ற திருப்தி. ஆனால் படித்தது எவ்வளவு வேகமாக மறக்கிறது என்பதை 1885-லேயே எபிங்ஹவுஸ் என்ற உளவியலாளர் தன் மீதே சோதித்து அளந்தார். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் அமெரிக்க மாணவர்களிடம் நடத்திய சோதனை இன்னும் தெளிவானது. ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்த குழு ஐந்து நிமிடம் கழித்து நன்றாகவே சொன்னது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, ஒரு முறை வாசித்துவிட்டுத் தன்னைத்தானே சோதித்துக்கொண்ட குழு வெகு தூரம் முன்னே இருந்தது. வாசிக்கும்போது தெரிந்த மாதிரி இருப்பது ஏமாற்று. மூடி வைத்துவிட்டுச் சொல்லிப் பார்ப்பதே படிப்பு.

ஆகவே முதல் நாளிலிருந்தே கேள்விகள் வேண்டும். பாடம் எல்லாவற்றையும் முடித்துவிட்டு கேள்விக்கு வருகிறேன் என்பவர்கள் கேள்விக்கு வந்து சேர்வதே இல்லை. சில்வெஸ்ட்ரியின் சான்டர்ஸ் தொகுப்பு நூல் பாடத்துக்குப் போதும். யு-வேர்ல்ட், ஆர்ச்சர் போன்ற கேள்வி வங்கிகளில் ஏதாவது ஒன்று போதும். நான்கைந்து வாங்கிக் குவிப்பது பயத்தின் வேலை. ஒரு நாளைக்கு 150 கேள்வி போட்டேன் என்று சொல்வதில் பெருமை இல்லை. நாற்பது போட்டாலும், சரியான விடை ஏன் சரி, மற்ற மூன்றும் ஏன் அல்ல என்று ஒவ்வொன்றுக்கும் சொல்ல முடிந்ததா என்பதே கணக்கு. சரியாகப் போட்ட கேள்விக்கும் விளக்கம் படிக்க வேண்டும். குருட்டு அதிர்ஷ்டத்தில் சரியானது எத்தனை என்று அப்போதுதான் தெரியும்.

தவறுகளுக்கு ஒரு நோட்டு போடுங்கள். ஒவ்வொரு தவறும் எதனால் வந்தது என்று எழுதுங்கள்: விஷயமே தெரியவில்லையா, கேள்வியைச் சரியாக வாசிக்கவில்லையா, எல்லாம் தெரிந்தும் வரிசைப்படுத்தத் தவறினீர்களா? இரண்டு வாரத்தில் உங்கள் பலவீனம் எந்த வகை என்று முகத்தில் அடித்தாற்போல் தெரியும். தெரியாமைக்கு மருந்து புத்தகம். மற்ற இரண்டுக்கும் புத்தகம் மருந்தல்ல. "இன்னும் விளக்கம் தேவை என்பதை நோயாளியின் எந்தப் பேச்சு காட்டுகிறது?" என்று கேட்டால், தவறான பேச்சைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அவசரத்தில் சரியான பேச்சைக் குறித்துவிட்டு வருபவர்கள் ஏராளம். அவர்களுக்குத் தேவை வாசிப்பில் நிதானம்.

மனப்பாடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொட்டாசியம் 3.5 முதல் 5 வரை என்பது விரல் நுனியில் இல்லாவிட்டால் சிந்திக்க எதுவும் இருக்காது. பொட்டாசியத்தை ஒருபோதும் நேராக நரம்பில் செலுத்தக் கூடாது. டிஜாக்சின் கொடுக்கும் முன் ஒரு முழு நிமிடம் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துத் துடிப்பை எண்ண வேண்டும். ஹெப்பாரினுக்கு முறிமருந்து புரோட்டமின், வார்ஃபரினுக்கு வைட்டமின் கே. காசநோய், தட்டம்மை, சின்னம்மை காற்றில் பரவும். குளோஸ்ட்ரிடியம் டிஃபிசில் இருக்கும் அறையில் சானிடைசர் போதாது, சோப்பும் தண்ணீரும் வேண்டும். இவையெல்லாம் அரிசி பருப்பு மாதிரி. வீட்டில் இருந்தாக வேண்டும். சமைப்பது வேறு வேலை.

தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. விளக்கத்தை ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடி, எதிரில் அம்மாவோ தம்பியோ இருப்பதாக நினைத்துத் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மெக்னீசியம் சல்பேட் ஏறும் கர்ப்பிணியின் முழங்காலை ஏன் தட்டிப் பார்க்கிறோம் என்று உங்கள் ஊர்ப் பேச்சில் சொல்ல முடிந்தால் புரிந்துவிட்டது. அனிச்சைத் துடிப்பு போய்விட்டால் மருந்து நஞ்சாகிக்கொண்டிருக்கிறது, அடுத்தது மூச்சு நிற்கும், நிறுத்திவிட்டு கால்சியம் குளூக்கோனேட்டைக் கையில் எடு. இது மொழித் தேர்வு அல்ல. இங்கே கேட்கப்படுவது காரணம். காரணம் தாய்மொழியில்தான் ஆழமாக ஊன்றும்.

காலம் எவ்வளவு? டூட்டி பார்த்துக்கொண்டே படிப்பவருக்கு நான்கிலிருந்து ஆறு மாதம் நியாயம். நைட் டூட்டி முடிந்த காலையில் படிக்க உட்காருவது வீண், தூங்குங்கள். தேர்வுக்கு அனுமதிக் கடிதம் வந்தபின் அதன் கெடு முடிவதற்குள் எழுதியாக வேண்டும், பெரும்பாலும் 90 நாள். கடிதம் வந்தபிறகு படிக்கத் தொடங்குவது தாமதம்.

விற்பனைக்கு வரும் விடைகள்

தேர்வில் வந்த கேள்விகள் என்று சொல்லித் தொகுப்புகள் விற்கப்படுகின்றன. தயவுசெய்து தொடாதீர்கள். 2006 ஜூனில் பிலிப்பைன்ஸில் அந்நாட்டுச் செவிலியர் உரிமத் தேர்வின் இரண்டு தாள்கள் கசிந்தன. அங்கே பட்டம் பெற்ற ஒவ்வொருவரும் எழுதும் தேர்வு அது. அடுத்த ஆண்டு, அமெரிக்க விசாவுக்கான தகுதிச் சான்று தரும் அமைப்பு, அந்தத் தொகுதியில் தேறியவர்கள் அந்தத் தாள்களை மறுபடி எழுதித் தேறினால் ஒழியச் சான்று இல்லை என்று அறிவித்தது. கசிந்த தாளைக் கண்ணால் பார்க்காதவர்களும் மறுபடி எழுத நேர்ந்தது.

பயிற்சி நிலையங்களின் விளம்பரம் சொல்லாத ஒன்றும் உண்டு. தேர்வுக் கட்டணம் 200 டாலர், வெளிநாட்டில் எழுத மேலும் 150 டாலர், அதற்கு மேல் மாநில வாரியக் கட்டணம், சான்றிதழ் சரிபார்ப்பு. இவ்வளவு செலவு செய்து தேறினாலும் அது விசா அல்ல. செவிலியருக்கான குடியேற்றப் பிரிவில் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை 2025-ல் 2013-ஆம் ஆண்டில் பதிந்தவர்களிடம் நின்றது. தேறிய மறுமாதம் விமானம் என்று யாராவது சொன்னால், இந்த ஒரு எண்ணை அவரிடம் கேளுங்கள்.

தேர்வு அளக்காதது

2023 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை ஒரு மோசடியை வெளிக்கொணர்ந்தது. ஃபுளோரிடாவின் மூன்று செவிலியர் பள்ளிகள் வழியாக 7,600-க்கும் மேற்பட்ட போலிப் பட்டயங்கள் விற்கப்பட்டிருந்தன. வாங்கியவர்களில் சுமார் 2,400 பேர் உரிமத் தேர்வில் தேறியும் இருந்தார்கள். நோயாளியின் படுக்கை அருகே உரிய பயிற்சி பெறாதவர்கள் திரைக்கு முன்னால் தேறிவிட்டார்கள். தேர்வு ஒரு சல்லடை. அதன் கண்ணுக்குள் எல்லாமும் அகப்படாது. கையின் நிதானம், குரலின் கனிவு, அழுக்குத் துணியை முகம் சுளிக்காமல் மாற்றுவது ஆகியவற்றை எந்தக் கணினியும் அளக்கவில்லை.

அங்கே கைப்பழக்கம் இல்லாமல் தேறினார்கள். நம் ஊரில் கைப்பழக்கம் நிறைந்தவர்கள் தேர்வு வாசலில் நிற்கிறார்கள். இந்த இடைவெளியை மாணவி ஒருத்தி கடன் வாங்கிப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்து நிரப்ப வேண்டும் என்று விட்டுவிடுவது சரியல்ல. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் பி.எஸ்சி. பாடத்திட்டத்தை செமஸ்டர் முறைக்கு மாற்றியது. அதற்குள்ளேயே, புதுப் புத்தகம் எதுவும் இல்லாமல், செய்யக்கூடியது ஒன்று உண்டு. வார்டு ரவுண்டில் மாணவியிடம் "இந்த மருந்தின் பக்க விளைவுகள் யாவை?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "இந்த நான்கு பேரில் யாரிடம் முதலில் போவாய், ஏன்?" என்றும் கேளுங்கள். அவள் தவறாகச் சொன்னால் திட்டாமல் காரணத்தைக் கேளுங்கள். வெளிநாடு போகாத மாணவிக்கும் அது வேண்டும். அவள் பார்க்கப் போவது நம் அம்மா அப்பாவை.

தேர்வில் தவறிய தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும்: 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். தோல்விக் கடிதத்தோடு ஓர் அறிக்கை வரும். ஒவ்வொரு பகுதியிலும் கோட்டுக்கு மேலே இருந்தீர்களா, அருகிலா, கீழேயா என்று அதில் இருக்கும். பலர் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு, முதல் பாடத்திலிருந்து மறுபடியும் தொடங்குகிறார்கள். கிழிக்காதீர்கள். கீழே என்று எழுதியிருக்கும் பகுதியை எடுத்து, அங்கிருந்து தொடங்குங்கள்.